அனுப்பாத முப்பது

பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற அறிவிப்புப் பலகையை, வாடகைக் காரின் கண்ணாடி வழியே ஓரின் ஹாஸ்கெல் இரண்டு முறை படித்தார். முதல் வரியில் வெள்ளிக்கிழமைக் கால்பந்துப் போட்டி. அடுத்த வரியில், ஊர்த் தீயணைப்புக் குழுவுக்கு நிதி திரட்டச் சனிக்கிழமை நடக்கவிருந்த வறுத்த மீன் விருந்து. மூன்றாவது வரியில், 'லேசி எம். ஏ.சி.டி. தேர்வில் 30. பெருமைப்படுகிறோம்' என்றிருந்தது. கறுப்பு எழுத்துகள் தீர்ந்துபோயின போலும். மூன்றையும் சுழியையும் மட்டும் சிவப்பில் செருகியிருந்தார்கள். அந்தச் சாலையில் இறங்கும் நிலக்கரி லாரி ஓட்டுநர்கள் வேறெதைப் படிக்காவிட்டாலும் அந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் வளைவில் திரும்பியிருப்பார்கள்.

அந்த எண்ணின் பொருள் ஓரினுக்குத் தெரிந்த அளவுக்கு லாரி ஓட்டுநர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கென்டக்கி மாநிலத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் எழுதியாக வேண்டிய கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு அது. முழு மதிப்பெண் முப்பத்தாறு. ப்ரையர் கவுண்டி உயர்நிலைப்பள்ளியின் சராசரி பதினாறு. மாசசூசெட்ஸ் குன்றுகளின் நடுவே இருக்கும் தார்ன்பெரி கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் பல ஆண்டுகளாக விண்ணப்பம் படிக்கிறவர் ஓரின். அதற்குமுன் லத்தீன் கற்பித்த பள்ளி ஆசிரியர். மதிப்பெண்ணைக் கடல்மட்டத்திலிருந்து அளக்கக் கூடாது, பிள்ளை நின்றுகொண்டிருக்கும் தரையிலிருந்து அளக்க வேண்டும் என்பது அந்த அலுவலகத்தில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். பாஸ்டன் புறநகர்ப் பள்ளியில் முப்பது என்பது சாதாரண மேடு. இந்தப் பள்ளத்தாக்கில் அது மலை. இப்படிப்பட்ட மலைகளைத் தேடித்தான் ஆண்டுக்கொருமுறை அவர் இந்தப் பக்கம் வருவது. பெரும்பாலும் ஒன்றையும் காணாமல் திரும்பிப் போவார்.

நூலகத்தில் அவருக்காக ஏழு மாணவர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் மூவர் கணக்கு வகுப்புக்கு டிமிக்கி கொடுக்க வந்தவர்கள் என்பதை, ஆசிரியராக இருந்த எவரும் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே கண்டுகொள்வார்கள். பின்வரிசையில் பள்ளியின் ஆலோசகர் வாண்டா கோம்ஸ் அமர்ந்து, மடியில் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தார். அந்தப் பள்ளியின் முந்நூறு பிள்ளைகளுக்கும் கல்லூரி, வேலை, வீட்டுச் சண்டை, பல்வலி அனைத்துக்கும் அவர் ஒருவரே ஆலோசகர்.

"சார், உங்க காலேஜ்ல ஃபுட்பால் டீம் இருக்கா?" என்று கேட்டான், கால்பந்துச் சட்டை அணிந்திருந்த ஒருவன்.

"இருக்கு. ஜெயிச்சுத்தான் நான் பார்த்ததில்லை."

"அட, அப்ப நம்ம டீம் மாதிரியேதான்!"

சிரிப்பு அடங்கியதும் ஓரின் தேர்வைப் பற்றிப் பேசினார். தார்ன்பெரி இப்போதெல்லாம் தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அனுப்புவதும் அனுப்பாததும் மாணவர் விருப்பம். இதை எத்தனை தரம் சொன்னாலும் எந்தப் பள்ளியிலும் பிள்ளைகள் நம்புவதில்லை என்பதால் அவர் ஒரு கதை வைத்திருந்தார். லத்தீன் வகுப்பில் இலக்கணத்தை விழுங்க வைப்பதற்கென்று விலங்குக் கதைகளைக் கட்டிச் சொல்லிய பழக்கம் அவரை விடவில்லை.

"காட்டுல ஒரு விருந்து. வாசல்ல ஆந்தைதான் காவல். விளக்கு வெச்சிருக்கறவங்க ஏத்திட்டு வரலாம்னு சொல்லிட்டாங்க. நரி லாந்தரோட வருது. கரடி தீப்பந்தத்தோட வருது. முயலுக்கிட்ட ஒண்ணுமே இல்ல. பயந்து பயந்து வந்து நிக்குது. ஆந்தை என்ன சொல்லுச்சு தெரியுமா? 'உள்ள போ தம்பி. எனக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும்'னு சொல்லுச்சு."

பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஜன்னலோரம் தாடையில் கைவைத்து அமர்ந்திருந்த ஒரு பெண் மட்டும் ஆட்டவில்லை.

"சார், அப்ப மின்மினிப் பூச்சி என்ன பண்ணணும்?"

"எது?"

"மின்மினி. அதுக்கிட்ட வெளிச்சம் இருக்கு. ஆனா கரடியோட தீப்பந்தத்துக்குப் பக்கத்துல நின்னா, இருக்குன்னே யாருக்கும் தெரியாது. அது ஏத்திட்டு வரணுமா, அணைச்சிட்டு வரணுமா?"

"இவ இப்படித்தான் சார்," என்றான் கால்பந்துச் சட்டைக்காரன். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாதிரியாரையே மடக்குவா. அவரு இவள பார்த்தாலே பிரசங்கத்தைச் சுருக்கிடறாரு."

"நீ தூங்கறதுக்கு வசதியாத்தானே இருக்கு?" என்றாள் அவள், அவன் பக்கம் திரும்பாமலே.

அவள்தான் லேசி மல்லின்ஸ் என்பதை ஓரின் யூகித்துக்கொண்டார். நல்ல கேள்வியைக் கேட்ட மாணவரைப் பார்க்கையில் ஆசிரியருக்குள் பொங்கும் மகிழ்ச்சி அவருக்குள்ளும் பொங்கியது. அந்த மகிழ்ச்சியிலேயே பதில் சொல்லவேண்டிய பொறுப்பு நழுவிப்போனது. நாக்கில் எப்போதும் தயாராக இருந்த வாசகமே வெளியே வந்தது. "பிரமாதமான கேள்வி! அது மின்மினியோட விருப்பம்." மணி அடித்தது. பின்வரிசையில் வாண்டா எதையோ அடிக்கோடிட்டார்.

காருக்குப் போகும் வழியில் அவள் கூடவே நடந்து வந்தாள். வேதியியல் படிக்க விரும்புவதாகச் சொன்னாள். காரணம் கேட்டதற்கு, "எங்க வீட்டுப் பின்னால ஓடை ஆரஞ்சுக் கலர்ல ஓடும் சார். பழைய சுரங்கத்துலேருந்து வர்ற தண்ணி. எங்கம்மா வெள்ளைத் துணியே வாங்கறதில்ல," என்றாள். வேறு கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கிறாயா என்று கேட்டார். "முழுச் செலவையும் ஏத்துக்கறேன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். மத்ததெல்லாம் பாதியில நின்னுடுது. பாதிப் பாலத்துல போய் என்ன பண்றது?" அவள் அதை வருத்தத்துடன் சொல்லவில்லை. சாலையைக் கடக்குமுன் இருபுறமும் பார்ப்பவளைப் போல, பார்த்ததைச் சொன்னாள்.

பிப்ரவரியில், பனி மூடிய மதில்களுக்கு இந்தப் பக்கம் தன் அலுவலக அறையில் அமர்ந்து ஓரின் அவளுடைய விண்ணப்பத்தைத் திறந்தார். ஓடையைப் பற்றிய கட்டுரை சிறியதாகவும் சிணுங்கல் இல்லாததாகவும் இருந்தது. எல்லாப் பாடங்களிலும் முதல் தர மதிப்பு. அந்தப் பள்ளியில் வேதியியலுக்குக் கல்லூரித் தரத்திலான வகுப்பு கிடையாது. ஆய்வகக் குழாயில் தண்ணீர் வந்தே மூன்றாண்டுகள் ஆகின்றன என்று ஆசிரியர் குறிப்பிட்டிருந்தார். தேர்வு மதிப்பெண் இருக்கவேண்டிய கட்டத்தில் 'அனுப்ப விரும்பவில்லை' என்ற சொற்கள் இருந்தன.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். சொற்கள் அப்படியேதான் இருந்தன.

இது எப்படி நேர்ந்தது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஓர் அட்டவணை உண்டு: சேர்ந்தவர்களில் சரிபாதிப் பேருடைய மதிப்பெண் முப்பத்துமூன்றுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில். மதிப்பெண் அனுப்பியவர்களை வைத்து மட்டுமே போடப்பட்ட கணக்கு அது. முப்பத்துமூன்றுக்குக் கீழே இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு அனுப்பாமல் விடுகிறார்கள். அவர்கள் விடுவதால் மறுவருடம் அட்டவணை இன்னும் ஏறுகிறது. ஏறிய அட்டவணையைப் பார்த்து இன்னும் சிலர் ஒளித்துக்கொள்கிறார்கள். பாஸ்டன் புறநகரில் இருக்கும் குடும்பங்கள் ஆலோசனை சொல்ல ஆள் அமர்த்தியிருக்கும். எந்தப் பள்ளிக்கு எந்த எண் போதும் என்பது அந்த ஆளுக்குத் தெரியும். ப்ரையர் கவுண்டிக்கு வந்துசேர்ந்தது அட்டவணை மட்டும்தான். அட்டவணையில் பள்ளத்தாக்குகள் கிடையாது.

மாணவர் அனுப்பாத மதிப்பெண்ணைப் பற்றி, வேறு வழியில் தெரிந்திருந்தாலும், பேசக் கூடாது. அனுப்பும்படி கேட்கவும் கூடாது. இது அலுவலகத்தின் விதி. முந்தைய ஆண்டு விண்ணப்பம் படிக்கும் இளம் வாசகர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு மாணவனுக்குச் சாடையாகச் சொல்லிவிட, அது வேறொரு பெற்றோரின் காதுக்கு எட்டி, 'எங்கள் பிள்ளைக்கு ஏன் சொல்லவில்லை' என்று வக்கீல் கடிதம் வந்தது. அந்த வாசகர் இப்போது அங்கே இல்லை. ஆனால் விதியில் ஒரு சந்து இருந்தது. சேர்க்கைக் குழு கூடி முடிவெடுக்கும்வரை மாணவர் தாமாகவே மனம் மாறி மதிப்பெண்ணை அனுப்பலாம். தாமாகவே என்பதுதான் அந்தச் சந்தின் அகலம்.

ஓரின் தொலைபேசியை எடுத்தார்.

"ப்ரையர் கவுண்டி ஹைஸ்கூல், வாண்டா பேசறேன். டேய், வராண்டால ஓடாதன்னு எத்தன தடவ சொல்றது! மன்னிச்சுக்கங்க, உங்கள இல்ல."

"மிஸஸ் கோம்ஸ், நான் தார்ன்பெரிலேருந்து ஓரின் ஹாஸ்கெல்."

"அடடே, ஆந்தைக் கதைக்காரர்! பிள்ளைங்க இன்னும் உங்களப் பத்திப் பேசுதுங்க சார்."

லேசியின் அரையாண்டு மதிப்பெண் வந்து சேரவில்லை என்றார் ஓரின். வந்திருந்தது, அவருடைய மேசைமேலேயே இருந்தது. திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேனே என்று வாண்டா பதறினார். தேடிப் பார்க்கிறேன் என்றார் இவர். பிறகு, பேச்சோடு பேச்சாக வந்ததுபோல் மெல்ல எடுத்தார்:

"குழு கூடறதுக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கு. லேசி வேற ஏதாவது சேர்த்து அனுப்பணும்னு நினைச்சா, அனுப்பலாம். அவளாவே அனுப்பணும், அவ்வளவுதான்."

"வேற ஏதாவதுன்னா?"

"எதுவா இருந்தாலும்."

"ஏதாச்சும் குறையுதா சார்?"

"குறையுதுன்னு நான் சொல்லக் கூடாது மிஸஸ் கோம்ஸ்."

"அப்பாடா. அப்ப ஒண்ணும் குறையலைன்னு எடுத்துக்கறேன்," என்று வாண்டா சிரித்தார்.

ஓரின் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். கதவு திறந்திருந்தது, வெளியே நகலெடுக்கும் இயந்திரத்தருகே இளைய வாசகர் ஜூலியன் ஃபெரோ நின்று தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இன்னும் ஓரடி வைத்துப் பார்க்கலாம் என்று ஓரினுக்குத் தோன்றியது.

"உங்க ஸ்கூல் வாசல்ல ஒரு பலகை இருக்கில்லையா, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றார்.

மறுமுனையில் சிரிப்பு நின்றது. கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. வாண்டாவின் குரல் இறங்கி வந்தது.

"ஐயோ. அதப் பார்த்துட்டீங்களா?"

"பார்த்தேன்."

"சார், அது எங்க பிரின்சிபால் ஆசைப்பட்டு வெச்சது. பிள்ளையக் கேக்கவே இல்ல. நீங்க அத மனசுல வெச்சுக்கக் கூடாது சார். அவ அனுப்பல. அனுப்பாததுக்கு அவளுக்கு உரிமை இருக்குன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க? அவ அனுப்பறேன்னுதான் நின்னா. நான்தான் உங்க அட்டவணைய எடுத்துக் காட்டி, 'வேண்டாம் கண்ணு, முப்பத்துமூணு கேக்கற எடத்துல முப்பத நீட்டாத, ஆந்தைக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும்னு அவரே சொல்லிருக்காரு'ன்னு சொன்னேன். உங்க வார்த்தைய நம்பித்தான் சார். இப்ப அந்தப் பலகையப் பார்த்துட்டேன்னு சொன்னா எப்படி?"

தன் சாடை போய்ச்சேர்ந்த இடம் எது என்று ஓரினுக்குப் புரிந்தது. கைதூக்கிவிட நீட்டிய கையை அந்த அம்மாள் கழுத்துக்கு வரும் கையென்று எண்ணிவிட்டார். இனிச் சாடையால் பயனில்லை. 'அதை அனுப்புங்கள், அது ஒன்றுதான் இப்போது வேண்டும்' என்று நேராகச் சொல்லிவிடலாம். சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். ஆனால் வாழ்நாள் முழுவதும் விதிக்குப் பணிந்தே நல்லவராக இருந்து பழகிய மனிதர் அவர். தேர்வறையில் தன் சொந்த மகளுக்கும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தவரில்லை. திறந்த கதவையும் ஜூலியனின் முதுகையும் பார்த்தபடி அந்த மூச்சை அவர் உள்ளுக்குள்ளேயே விட்டார்.

"பயப்படாதீங்க. அதக் கணக்குல எடுத்துக்க மாட்டோம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"நீங்க நல்லா இருக்கணும் சார்," என்றார் வாண்டா.

அதன்பின் வந்த நாட்களில், ஓரின் காலையில் அலுவலகம் நுழைந்ததும் லேசியின் கோப்பைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். அந்தக் கட்டத்தில் அதே சொற்கள் இருந்தன. தானாக ஓர் எண் அங்கே முளைக்கும் என்று எதிர்பார்ப்பது, விதைக்காத தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் போன்றது என்பது அவருக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் ஊற்றினார்.

குழு கூடிய நாளில் அறையின் நீண்ட மேசையைச் சுற்றி ஐவர் இருந்தார்கள். காகிதக் கோப்பைகளில் காபி ஆறிக் கிடந்தது. தட்டில் யாரோ உரித்துப்போட்ட ஆரஞ்சுத் தோல். தலைமை இடத்தில் சேர்க்கைத் தலைவர் கான்ஸ்டன்ஸ் வேல். ஒவ்வொரு விண்ணப்பமும் சுவரில் ஒளிரும், அந்த வட்டாரத்துக்கு உரியவர் அந்தப் பிள்ளைக்காகப் பேசுவார், கேள்விகள் வரும், கைகள் உயரும் அல்லது உயராது. காபி ஆறுகிற நேரம்கூட ஒரு பிள்ளைக்குக் கிடையாது. இதில் குரூரம் ஏதுமில்லை. அங்கிருந்த ஐவரும் பிள்ளைகளை விரும்புகிறவர்கள். இடம் ஒன்றுக்கு இருபது பேர் வாசலில் நிற்பதுதான் குரூரம். அதற்கு முகம் கிடையாது.

லேசியின் முறை வந்தது. ஓரின் நன்றாகவே பேசினார். ஓடையைப் பற்றி, தண்ணீர் வராத ஆய்வகத்தைப் பற்றி, ஆசிரியர் சொன்னவற்றைப் பற்றி. கட்டுரையிலிருந்து இரண்டு வரி படித்தபோது கான்ஸ்டன்ஸ் புன்னகைத்தார்.

"எனக்கும் இந்தப் பொண்ணப் பிடிச்சிருக்கு," என்றார் ஜூலியன். "ஆனா ஒண்ணு கேக்கறேன் ஓரின், கோவிச்சுக்காதீங்க. எல்லாப் பாடத்துலயும் ஏ வாங்கியிருக்கா. அந்த ஸ்கூல்ல ஏ-ன்னா என்ன அர்த்தம்? அங்கேருந்து நம்ம காலேஜுக்கு இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்ததில்ல. வேதியியல் லேபே இல்லைங்கறீங்க. இங்க முதல் வருஷ வேதியியல்ல போன தடவ எத்தன பேர் அழுதுட்டே ஓடினாங்கன்னு நமக்குத் தெரியும். தாங்குவாளான்னு காட்டறதுக்கு வெளியிலேருந்து ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும். ஒரே ஒரு எண்."

"இருபத்தெட்டு இருந்தாக்கூட நான் கையத் தூக்கிடுவேன்," என்றார் பக்கத்திலிருந்தவர்.

அந்த மலைச்சாலையில் இறங்கும் ஒவ்வொரு லாரி ஓட்டுநருக்கும், மீன் விருந்துக்கு வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்த ஒன்று, இந்த மேசையைச் சுற்றி இருக்கும் படித்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கூடாது என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள்.

"நான் அக்டோபர்ல அந்த ஊருக்குப் போயிருந்தப்ப..." என்று தொடங்கினார்.

கான்ஸ்டன்ஸ் பேனாவை உயர்த்தினார். "ஓரின், ஒரு நிமிஷம். நீங்க இப்ப சொல்லப்போறது ஃபைல்ல இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். பதில் சொல்லாமல் தொடர்ந்து பேசியிருக்கலாம். ஒரு சொல் காதில் விழுந்துவிட்டால் யாரும் அதைத் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் அவர் சத்தியம் செய்திருந்தார். விதிக்கும் சத்தியத்துக்கும் ஒரே முகம் வாய்த்துவிட்டால் மனிதன் எந்தப் பக்கம் திரும்புவான்?

"இல்ல," என்றார்.

"அப்ப வேண்டாம்."

கைகள் உயர்ந்தன. ஓரினுடையது ஒன்று, தயங்கித் தயங்கி எழுந்து தோளுயரத்தில் நின்ற இன்னொன்று. மூன்று வேண்டும். சுவரில் அடுத்த பிள்ளையின் பெயர் ஒளிர்ந்தது.

மாலையில், இருட்டுவதற்குள், வாகன நிறுத்தத்தில் ஓரின் தன் காரின் கண்ணாடியிலிருந்து பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கான்ஸ்டன்ஸ் தம் காருக்குப் போகாமல் அவரருகே வந்து நின்றார்.

"எவ்வளவு?"

"முப்பது."

"அந்த ஸ்கூலோட சராசரி?"

"பதினாறு."

கான்ஸ்டன்ஸ் கையுறை அணிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான்தான் மொதல்ல கையத் தூக்கியிருப்பேன்," என்றார் கடைசியில்.

"இப்பத் தூக்கலாமே."

"எப்படி ஓரின்? அவ ஒருத்திக்குத் திறந்தா, மறைச்சு வெச்ச அத்தன பேரோடதையும் திறக்கணும். இருபதாயிரம் ஃபைல். அதுல எத்தன லேசி இருக்காங்கன்னு நமக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் பயமா இருக்கு." அவர் ஓரினின் கையிலிருந்த சுரண்டியை வாங்கி, அவர் பாதியில் விட்டிருந்த கண்ணாடியின் மறுபக்கத்தைத் தாமே சுரண்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முடிவுகள் மார்ச் கடைசியில் வெளியாயின. கல்லூரியின் கடிதம் கனிவானது. ஒவ்வோர் ஆண்டும் கான்ஸ்டன்ஸ் அதிலுள்ள சொற்களை இன்னும் கனிவாக்குவார். அதற்கு யாரும் பதில் எழுதுவதில்லை. லேசி மட்டும் எழுதியிருந்தாள். தன் கட்டுரையைப் படித்ததற்கு நன்றி என்றும், ஓரின் சொன்ன ஆந்தைக் கதை நன்றாக இருந்தது என்றும் இரண்டு வரி. ஓரின் அதற்கு மூன்று பதில்கள் எழுதி மூன்றையும் அழித்தார்.

மே மாதத்தில் ஒரு நாள் முற்பகலில் அவருடைய தொலைபேசி ஒலித்தது. எதிர்முனையில் எங்கோ பின்னால் பள்ளியின் வாத்தியக் குழு பட்டமளிப்பு விழாவுக்கான அணிநடை இசையைப் பயின்றுகொண்டிருந்தது. கிளாரினெட்டுகள் ஒருபுறமும் முரசு ஒருபுறமும் போய்க்கொண்டிருந்தன.

"சார், வாண்டா கோம்ஸ். வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன். உங்க மேல வருத்தமெல்லாம் இல்ல, அத மொதல்ல சொல்லிடறேன்."

லேசி பக்கத்து நகரத்தில் இருக்கும் இரண்டாண்டுக் கல்லூரியில், மருத்துவமனை உதவியாளர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்றார் வாண்டா. வேதியியல் அங்கே இல்லை. வீட்டிலிருந்தே போய்வரலாம். வேலையும் கிடைத்துவிடும். நல்லதுதான் என்று அவர் இரண்டு முறை சொன்னார். பிறகு நிறுத்தினார்.

"அவ இங்கதான் இருக்கா சார். உங்கக்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்கலைன்னா ஆறாதுங்கறா."

மறுமுனையில் தொலைபேசி கைமாறியது.

"சார், நான் லேசி."

"சொல்லும்மா."

"சண்டை போடக் கூப்பிடல சார். தெரிஞ்சுக்கத்தான். நான் என் மார்க்க அனுப்பியிருந்தா, கெடச்சிருக்குமா?"

அன்று கேட்ட அதே குரல். அதே நேர்மை. வாத்தியக் குழு பாட்டின் நடுவே ஓரிடத்தில் தடுக்கி நின்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. ஓரின் கண்களை மூடிக்கொண்டார். ஆம் என்று சொன்னால், பதினெட்டு வயதில் அவள் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு நோயாளிகளின் படுக்கைகளுக்கிடையே வாழ்நாளெல்லாம் நடக்க வேண்டும். அதைவிட மோசமாக, பக்கத்தில் நிற்கும் அந்த அம்மாளையும் அவள் ஒவ்வொரு நாளும் ஊரில் பார்க்க வேண்டும். அந்த அம்மாளும் அவளைப் பார்க்க வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டால் இந்தப் பாரம் இந்த அறையிலேயே, தன் ஒருவனோடு நின்றுவிடும். அவர் அவளுக்குக் கொடுக்கக்கூடியதாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது.

"இல்லம்மா," என்றார். "அனுப்பியிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது. இந்த வருஷம் ரொம்பக் கடினமா இருந்துச்சு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. யார் மேலயும் இல்ல."



"சரி சார். தேங்க்ஸ் சார். நிஜமாவே தேங்க்ஸ்." அவள் குரல் இலேசாகியிருந்தது. தொலைபேசியிலிருந்து விலகி அவள் சொல்வது கேட்டது: "அனுப்பியிருந்தாலும் கெடச்சிருக்காதாம் மேடம். நீங்க சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

யாரோ நாற்காலியில் தொப்பென்று அமரும் ஓசை. பிறகு வாண்டா, மூக்கை உறிஞ்சியபடி, சிரித்தபடி:

"சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. முடிவு வந்தப்புறம், அன்னிக்கு நீங்க பண்ணின ஃபோன நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல. தப்பான புத்தி சொல்லிக் கெடுத்துட்டேனோ, அனுப்பச் சொல்லியிருக்கணுமோன்னு ஒரே அரிப்பு. இப்பத்தான் மூச்சு வந்துச்சு. நல்லவேளை கேட்டோம். ஏன்னா பதினொண்ணாவதுல டாட்சன் இரட்டைங்க இருக்குதுங்க. அண்ணன் முப்பத்தொண்ணு, தங்கச்சி இருபத்தொம்பது. எங்க ஸ்கூல்ல நடக்காத அதிசயம் சார்! ரெண்டும் உங்க காலேஜுக்குத்தான் போடணும்னு நிக்குதுங்க. மார்க்க அனுப்பலாமா வேண்டாமான்னு தெரியாம இருந்தேன். இப்பத் தெளிவாயிடுச்சு. அனுப்ப வேண்டாம்னு இன்னிக்கே சொல்லிடறேன்."

ஓரின் எழுந்து நின்றுவிட்டார். தொலைபேசியின் சுருள்வடம் இழுபட்டு மேசையிலிருந்த கோப்பைச் சரித்தது. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் வழுக்கி விழுந்தன. அவர் வாயைத் திறந்தார். வாண்டாவின் அறைக்குள் லேசி இன்னும் இருக்கிறாள். அவள் ஏதோ சொல்ல, வாண்டா சிரிப்பது கேட்டது.

"சார்? இருக்கீங்களா?"

வாத்தியக் குழு மீண்டும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்து, மீண்டும் தடுக்கி நின்றது. குழுவை நடத்துகிறவர் கோலால் மரத்தைத் தட்டுவது கேட்டது. கருவிகள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியாக ஒரே ஒரு கிளாரினெட் மட்டும், மற்றவர்கள் நிறுத்தியது தெரியாமல், இன்னும் சற்று தூரம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.